சுடுதண்ணீர் ஹீற்றரும் அரியாலைக் கிணறும்

யாழ்ப்பாணத்தில் குளிப்பதற்குச் சுடுதண்ணீர் என்பது ஒரு காலத்தில் மூன்று தரப்பினருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பிள்ளைப்பேறு கண்ட தாய்மார், கைக்குழந்தைகள், நோயில் விழுந்து எழும்பியவர்கள் என்போரே அவர்கள். மற்ற எல்லோருக்கும் கிணற்றடிதான். துலாவில் அள்ளி வார்க்கும் தண்ணீர் மார்கழி விடியற்காலையிலும் உடம்புக்கு இதமாகவே இருக்கும். வெளிக்காற்று குளிரும் வேகத்தில் நிலத்தடி நீர் குளிர்வதில்லை என்பதே அதன் இரகசியம்.

சுடுதண்ணீர் வேண்டியவர்களுக்குப் பின்வளவில் மூன்று கல் அடுப்பு மூட்டப்படும். நெல் அவிக்கும் கிடாரம் அதில் ஏறும். பனை மட்டை, ஊமல், தென்னம் பாளை, சிரட்டை என வளவில் விழுந்தவையே விறகு. நொச்சி, பாவட்டை இலைகளைப் போட்டுக் கொதிக்க வைத்த அந்தத் தண்ணீரின் வாசனை நாலு வீடு தள்ளியும் மணக்கும். எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்பதை அயலார் மூக்கினாலேயே அறிந்துகொண்ட காலம் அது.

இன்று அரியாலையில் புதிதாக எழும்புகிற வீடுகள் வேறு வகையானவை. கிணற்றடி வீட்டுக்குள் வந்துவிட்டது. மோட்டர் தண்ணீரை மேலே உள்ள தாங்கிக்கு ஏற்றுகிறது. தாங்கி குளியலறைக்கு இறக்குகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தபோது பொருத்திவிட்டுப் போன சுடுதண்ணீர் ஹீற்றர் சுவரில் தொங்குகிறது. பிள்ளைகள் திரும்பிப் போய்விடுகிறார்கள். வீட்டிலே தனியே இருப்பவர் எண்பது வயதைத் தாண்டிய தாய் அல்லது தந்தை. என் தமக்கையாரின் நிலையும் அதுதான்.

அக்காவுக்கு முழங்கால் மூட்டுவாதம். மழை நாள்களில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் இரண்டு நாளைக்கு எழும்பி நடமாட முடியாது. குளிக்காமல் இருக்கவும் அவரால் முடியாது. குளித்துத் தோய்ந்து சாமி விளக்கு ஏற்றாமல் அவர் வாயில் தேநீரும் படாது. அடுப்பில் வைத்த சுடுதண்ணீரை வாளியில் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்குவது அந்த முழங்காலுக்கு ஆபத்து. ஆகவே அந்த ஹீற்றர் அவருக்கு ஆடம்பரம் அன்று. ரொறொன்ரோவில் இருக்கும் மகளிடமோ இலண்டனில் இருக்கும் மகனிடமோ போகாமல், தான் பிறந்த வளவில் தனியே இருக்க முடிகிறது என்பதற்கு அதுவும் ஒரு தூண்.

கடந்த மார்கழியில் அந்தத் தூண் ஒழுகத் தொடங்கியது. முதலில் தண்ணீர் சூடாவதற்கு நேரம் எடுத்தது. பின்னர் றிப் சுவிற்ச் இடையிடையே விழுந்தது. ஒருநாள் காலையில் தாங்கியின் அடியிலிருந்து துருப்பிடித்த தண்ணீர் சுவர் வழியே இறங்கியிருந்தது. பொருத்தி ஆறு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

புதிதொன்றை நானே மாற்றிவிடுகிறேன் என்று சொன்னேன். செய்தி மூன்று நாடுகளுக்கும் பரவியது. "மாமா, உங்களுக்கு ஏன் இந்த வேலை? காசு நான் அனுப்புறன், ஒரு ஆளைப் பிடிச்சுச் செய்விக்க வேண்டியதுதானே" என்று ரொறொன்ரோவிலிருந்து மருமகள் அழைத்தாள். அக்காவோ வேறொரு பக்கம் நின்றார். "தம்பி, உதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு அடுப்பில ஒரு வாளி வைச்சுத் தா. எனக்கு அது காணும்."

மருமகளின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அவள் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில் பல வீட்டுக்காரர்களுக்குத் தம் வீட்டு ஹீற்றர் சொந்தமில்லை. மாத வாடகைக்கு எடுத்த பொருள் அது. அந்த வாடகை ஒப்பந்தங்களை வாசற்படியில் வைத்தே எழுதி வாங்கும் விற்பனையாளர்களால் அங்கே பலர் ஏமாந்தார்கள். குறிப்பாக முதியவர்களும் ஆங்கிலம் அதிகம் தெரியாத குடியேறிகளும். 2018 மார்ச் முதலாந் திகதியிலிருந்து, அழையாமல் வீடு தேடி வந்து ஹீற்றர் போன்றவற்றுக்கு ஒப்பந்தம் செய்வதை ஒன்ராறியோ சட்டத்தால் தடைசெய்தது. இலண்டனில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலான வீடுகளில் தண்ணீரைச் சுடவைப்பது எரிவாயு. அரைகுறையாகப் பொருத்தினால் கார்பன் மொனொக்சைட்டு ஓசையின்றி உயிரை எடுத்துவிடும். ஆகவே பதிவு பெற்ற தொழிலாளரே அங்கே அதில் கைவைக்கலாம். இந்த இரண்டு நாடுகளிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஹீற்றர் என்றால் வேறு யாரோ பார்த்துக்கொள்ள வேண்டிய பொருள்.

அரியாலையில் எங்கள் தலைமுறைக்கு அந்தப் பழக்கம் இல்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரி வரவில்லை, மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை விற்றது. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்குச் செய்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிப் பெட்டியை இயக்கி பி.பி.சி. தமிழோசை கேட்டோம். தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களுக்குச் சில துளி பெற்றோலைக் காட்டி உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அச்சுத்தாள் இல்லாமல் பாடசாலைக் கொப்பித் தாளிலே பத்திரிகை அச்சிட்ட நாள்களை என்னைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் மறக்கமாட்டார்கள். எது பழுதானாலும் கழற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லாதிருந்தது.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்களில் பெரும்பகுதியினர் எங்கள் ஊர் வழியாகத்தான் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார்கள். நாங்களும் அவர்களோடு போனோம். 2000 மே மாதத்தில் போர் மறுபடியும் அரியாலைக்கு வந்தது. திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவு நிலை இல்லை. கிணறு மட்டும் இருந்தது. வீடு என்பதை மறுபடியும் கிணற்றிலிருந்துதான் தொடங்கினோம்.

இவற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய ஹீற்றரைக் கழற்றி முற்றத்தில் வைத்துப் பிரித்தபோது, அதன் சாவுக்குக் காரணம் மின்சாரமும் அன்று, மலிவான தயாரிப்பும் அன்று, அந்தக் கிணறுதான் என்று தெரிந்தது.

சுடுதண்ணீர்த் தாங்கி ஒன்றின் உள்ளே பெரிய மாயம் எதுவும் இல்லை. உட்புறம் எனாமல் பூசிய இரும்புக் கலம். அதற்குள் தண்ணீரைச் சுடவைக்கும் எலிமென்ற். குறித்த சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் தேர்மோஸ்ரற். இவற்றோடு மக்னீசியத்தாலான ஒரு கோல். பலருக்குத் தெரியாதது அந்தக் கோலைப் பற்றித்தான். இரும்பை அரிக்க வரும் தண்ணீருக்குத் தன்னைத் தின்னக் கொடுத்துக் கலத்தைக் காப்பதே அதன் தொழில். கோல் தீர்ந்துபோனால் அடுத்த இரை கலம். தண்ணீரில் உப்பு மிகுந்திருந்தால் கோல் விரைவாகக் கரையும். நான் வெளியே எடுத்தபோது அங்கே கோலே இல்லை. அதைத் தாங்கியிருந்த மெல்லிய கம்பி மட்டும் எஞ்சியிருந்தது.

எலிமென்ற்றின் மேல் கையின் பெருவிரல் தடிப்புக்கு வெள்ளைக் கல். கேத்தலின் அடியில் படியும் அதே கல். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புப் பாறையின் மேல் இருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்திலே படித்தோம். மாரி மழை மண்ணுக்குள் இறங்கும்போது அந்தப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. குளிர்ந்த நிலையில் கரைசலாகவே இருக்கும் சுண்ணாம்பு, சூடேறியதும் காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிட்டுக் கல்லாகப் படிகிறது. படிந்த கல் எலிமென்ற்றுக்குப் போர்வை ஆகிவிடுகிறது. சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தேங்க, எலிமென்ற் வெந்து உறை வெடிக்கிறது. அங்கே தண்ணீரும் மின்சாரமும் சந்திக்கின்றன. றிப் சுவிற்ச் இடையிடையே விழுந்தது அதனால்தான்.

அரியாலைக்கு இதில் இரட்டைச் சுமை. பாறை ஒரு பக்கம் சுண்ணாம்பைத் தருகிறது, கடனீரேரி மறுபக்கம் உப்பைத் தருகிறது. கிழக்கே போகப்போக உவர் கூடும் என்பதை ஊரவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பாற்றுக் கடனீரேரியின் வாயில் அரியாலையில் அமைந்த தடுப்பணை, குடாநாட்டின் கடனீரேரிகளை நன்னீராக்க எண்ணிய பெருந்திட்டத்தின் ஓர் அங்கம். 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தைத்தான் சொல்கிறேன். கடல்நீரை உள்ளே விடாமல் மறித்து, மழைநீரைத் தேக்கி, கிணறுகளை இனிக்கச் செய்வது அதன் நோக்கம். திட்டம் முழுமை பெறவில்லை. 2024 ஆகஸ்டில் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. ஆறு வராத ஊருக்குக் கடலே குடிநீராக வரும் காலம் இது. ஆனாலும் அக்காவின் குளியலறைக்கு வருவது இன்றும் கிணற்று நீரே.

ஆகவே, ஓர் ஆளைப் பிடித்து அதே மாதிரியான புதிய ஹீற்றரை அதே சுவரில் மாட்டியிருந்தால், அது இன்னும் ஆறு ஆண்டில் அதே வழியில் செத்திருக்கும். வந்தவர் மாட்டிவிட்டுப் போயிருப்பார். கிணற்றைப் பற்றி அவரிடம் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

கடையில் நான் கேட்ட முதற்கேள்வி விலை அன்று. மக்னீசியக் கோலைத் தனியே கழற்றி மாற்ற முடியுமா, அது தனியாக விற்பனைக்குக் கிடைக்குமா என்பதே. அப்படியான 30 லீற்றர் ஹீற்றர் ஒன்றை வாங்கினேன். எலிமென்ற் 1500 வாற்று. 230 வோல்ற்றில் அது ஏறத்தாழ ஆறரை அம்பியர் இழுக்கும். பழைய வயர் அதைத் தாங்கும். குழாயைத் திறந்ததும் உடனே சூடாக்கித் தரும் சிறிய வகை ஹீற்றர்களில் சில 5500 வாற்று, 24 அம்பியர் இழுப்பவை. பழைய வயரில் அவற்றைக் கொழுவுவது வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

வேலை ஒரு முற்பகலில் முடிந்தது. பிரதான சுவிற்சை நிறுத்தி, வயரில் மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து, தண்ணீரை அடைத்து, பழைய தாங்கியை வடியவிட்டேன். தண்ணீர் நிரம்பிய 30 லீற்றர்த் தாங்கியின் நிறை 40 கிலோவுக்கு மேல். ஆகவே சுவரில் புதிய இடத்தில் துளையிட்டு, சீமெந்துக் கல்லின் திடமான பகுதியில் தடித்த ஆணிகளை இறக்கினேன். பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் தூக்கிப் பிடித்தார். குளிர்நீர் வரும் குழாயில் பாதுகாப்பு வால்வைப் பொருத்தினேன். சுடுநீர் போகும் பக்கத்துக்குச் சாதாரண பி.வி.சி. குழாய் ஆகாது, சூட்டில் இளகிவிடும். அதற்கென்று விற்கும் குழாயைப் போட்டேன். பிறகு சுடுநீர்க் குழாயைத் திறந்து வைத்து, காற்றெல்லாம் போய்த் தண்ணீர் சீராக வரும்வரை தாங்கியை நிரப்பினேன். வெறுந்தாங்கிக்கு மின்சாரம் கொடுத்தால் எலிமென்ற் சில நிமிடங்களிலே கருகிப்போகும்.

பாதுகாப்பு வால்வைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் சூடாகும்போது விரியும். 30 லீற்றர் தண்ணீர் 60 பாகை வரை சூடேறினால் ஏறத்தாழ 400 மில்லிலீற்றர் மேலதிகமாகும். அந்த மேலதிகத்தை வெளியே விடுவதற்குத்தான் வால்வு சொட்டுகிறது. அதைப் பழுது என்று எண்ணி அடைத்துவிடுவோர் நம்மூரில் இருக்கிறார்கள். போக வழியில்லாத அந்த அமுக்கம் கலத்தைப் பிளக்கக்கூடியது. சொட்டுகிற வால்வின் கீழே ஒரு சிறிய குழாயைப் பொருத்தித் தண்ணீரை வெளியே விடுவதே முறை.

எல்லாவற்றையும் நானே செய்தேன் என்று எழுதினால் அது பொய். ஏர்த் வேலைக்கு அனுமதி பெற்ற மின்தொழிலாளர் ஒருவரை அழைத்தேன். எங்கள் நாட்டில் பொதுவாக ஒவ்வொரு வீடும் தன் நிலத்தில் ஒரு ஏர்த் கோலை இறக்கிக்கொள்கிறது. மாரியில் ஈரமாக இருக்கும் மண் ஆனி, ஆடி வறட்சியில் காய்ந்து போகும். காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாக உள்வாங்காது. அதைக் கண்ணால் பார்த்தோ கையால் தொட்டோ அறிய முடியாது. அளக்கும் கருவி வேண்டும், அளந்ததை வாசிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். அவர் கோலை இன்னும் ஆழமாக இறக்கி, 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும் புதிய றிப் சுவிற்சைப் போட்டுவிட்டுப் போனார். ஈர உடம்போடு நிற்கும் ஓர் எண்பது வயதுப் பெண்ணுக்கும் மின்சாரத்துக்கும் இடையே நிற்பது அந்தச் சிறு பெட்டி ஒன்றுதான். அங்கே என் துணிச்சலுக்கு இடமில்லை. மருமகளுக்கு இதைச் சொன்னபோதுதான் அவள் சமாதானமானாள்.

அக்காவின் கவலை வேறு: மின்கட்டணம். 2022 ஆகஸ்டில் இலங்கையில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதத்தால் கூடியது. 2023 பெப்ரவரியில் மறுபடியும் 66 வீதம். பின்னர் குறைப்புகள் வந்தாலும் அந்த இரண்டு பட்டியல்களும் கொடுத்த பயம் முதியவர்களின் மனதை விட்டுப் போகவில்லை. அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 30 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 50 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய முக்கால் அலகு மின்சாரம் போதும். குளிக்க அரை மணித்தியாலம் முன்னர் சுவிற்சைப் போட்டால் சரி. நாள் முழுவதும் போட்டு வைத்தால்தான் காசு கரியாகும். சூட்டை 50 பாகைக்கு மேல் வைக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 60 பாகைத் தண்ணீர் முதியவர்களின் மெல்லிய தோலைச் சில விநாடிகளிலே வேகவைத்துவிடும். சூடு குறைந்தால் கல் படிவதும் குறையும். ஆனால் நீண்ட நாள் வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் கிருமி வளரலாம் என்பதால், மாதத்தில் ஒருநாள் நான் அங்கே நிற்கும்போது 60 பாகைக்கு ஏற்றி ஓடவிடுகிறேன்.

அப்போது அக்கா சொன்ன ஒரு விடயம் என் கணக்கையே மாற்றியது. "பின்னேரம் மூன்று மணிக்குப் பைப்பைத் திறந்தால் கை சுடுது தம்பி. அப்ப குளிச்சால் இந்தப் பெட்டி ஏன்?" உண்மைதான். கூரைமேல் இருக்கும் கறுப்புத் தாங்கியை வெயில் நாள் முழுக்கக் காய்ச்சுகிறது. மாரியும் பனியும் தவிர்ந்த மாதங்களில் அவருக்கு ஹீற்றரே வேண்டியதில்லை. காலையில் விளக்கேற்றக் கைகால் கழுவினால் போதும், பின்னேரம் முழுக்குளிப்பு என்று வழக்கத்தை அவரே மாற்றிக்கொண்டார். சாமி கோபித்துக்கொள்ளவில்லை என்றும் எனக்கு அறிவித்தார்.

வெளிநாட்டிலிருந்து பெற்றோரின் வீட்டுக்குப் பணம் அனுப்பும் வாசகர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பொருளை வாங்கிக் கொடுப்பது எளிது. நீங்கள் வாழும் ஊரின் தண்ணீரை எண்ணி வாங்குவதுதான் பிழைத்துப் போகிறது. அடுத்தமுறை ஊருக்கு வரும்போது, கேத்தலின் அடியைக் கவிழ்த்துப் பாருங்கள். வெள்ளைக் கல் எவ்வளவு என்று பாருங்கள். றிப் சுவிற்சின் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது விழவில்லையென்றால் வேறு எந்த வேலைக்கும் முன்னர் அதை மாற்றுவியுங்கள். ஏர்த்தை அளக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு உங்கள் தாயாரிடம் எத்தனை மணிக்குக் குளிக்க விருப்பம் என்று கேளுங்கள். நாங்கள் பெரும்பாலும் கேட்க மறப்பது அந்தக் கேள்வியைத்தான்.

அக்கா இப்போது ஒவ்வொரு பறுவத்தன்றும் அந்தப் பொத்தானை அழுத்துகிறார். வீடு முழுவதும் மின்சாரம் நிற்கும், பிறகு அவரே தூக்கிவிடுவார். ஹீற்றருக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் ஒரு திகதி எழுதியிருக்கிறேன். மக்னீசியக் கோலை மறுபடியும் கழற்றிப் பார்க்க வேண்டிய நாள் அது. அதன் கீழே, எனக்கு அன்றைக்கு வர இயலாவிட்டால் பயன்படும் என்று, எந்தத் திருகாணியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதையும் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு விளங்கும்படி எழுதி வைத்திருக்கிறேன்.